ஐசியு நோயாளியை எழுப்பி உட்கார வைக்கலாமா? தெரிந்தும் டாக்டர்கள் தயங்குவது ஏன்?

வாயில் குழாய், கழுத்தில் ஊசி, தலைமாட்டில் ‘பீப் பீப்’ என்று மானிட்டர். இப்படி இருக்கும் ஒருவரை பிசியோதெரபிஸ்ட் தூக்கி, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைக்கிறார் என்றால் வீட்டார் பதறிப்போவார்கள். ‘பாவம், கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டுமே’ என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஆனால், ஐசியுவில் அசையாமல் கிடந்தால் தசை கரையும். லண்டனில் 63 நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில், பத்தே நாளில் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாகச் சுமார் 18 சதவீதம் குறைந்திருந்தது. படுக்கை மட்டுமே காரணமல்ல, நோயும் சேர்ந்துதான் தசையைத் தின்கிறது. பல உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். உயிர் பிழைத்தாச்சு, ஆனா பாத்ரூமுக்குப் போக ஆள் வேணும் என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

மாற்றிக் காட்டிய ஆய்வு

2009-ல் ‘லான்செட்’ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. சிகாகோ, அயோவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் வென்டிலேட்டரில் இருந்த 104 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். மயக்க மருந்தைத் தினமும் சிறிது நேரம் நிறுத்துவது இரண்டு குழுவுக்கும் பொது. ஒரு குழுவுக்கு மட்டும், கண் விழித்ததுமே கை கால் அசைப்பது, உட்காருவது, நிற்பது, முடிந்தால் நடப்பது என்று பயிற்சி தொடங்கிவிட்டது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்ற வேலைகளைத் தானே செய்துகொள்ள முடிந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 59 சதவீதம், மற்றதில் 35 சதவீதம். ஐசியுவில் வரும் ‘டெலிரியம்’ என்ற மனக்குழப்பமும் நான்கு நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைந்தது. மொத்தம் 498 பயிற்சிகளில் மோசமான பாதிப்பு என்று பதிவானது ஒன்றே ஒன்று.

அப்புறம் என்ன தயக்கம்?

ஜெர்மனியில் 116 ஐசியுக்களில் ஒரே நாளில் கணக்கெடுத்தார்கள். வென்டிலேட்டரில் இருந்த 783 பேரில், கட்டில் ஓரத்தில் உட்காரும் அளவுக்காவது எழுப்பப்பட்டவர்கள் 24 சதவீதம். மூச்சுக்குழாயில் டியூப் செருகியிருந்தவர்களில் வெறும் 8 சதவீதம்.

பல நாடுகளில் நடந்த சர்வேக்களில், ‘இது நல்லதுதான்’ என்றே பெரும்பாலான டாக்டர்களும் நர்ஸ்களும் சொல்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகு. டியூப் பிடுங்கிக்கொண்டால்? பிபி இறங்கினால்? ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரை எப்படி உட்கார வைப்பது? வென்டிலேட்டரோடு ஒருவரை நடக்க வைக்க மூன்று நான்கு பேர் வேண்டும். இன்னொன்றும் உண்டு: இது யார் வேலை? பிசியோ டாக்டரின் ஆர்டருக்குக் காத்திருப்பார். பிசியோ பார்த்துக்கொள்வார் என்று டாக்டர் நினைப்பார். நர்ஸுக்கோ அடுத்த பெட் காத்திருக்கும். கனடா சர்வே ஒன்றில், ஐசியு பலவீனம் எவ்வளவு பரவலானது என்பதையே பலர் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். போதிய பயிற்சி இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

பயம் முழுக்க ஆதாரமில்லாததும் அல்ல. 2022-ல் வெளியான ‘டீம்’ ஆய்வு 6 நாடுகளில், 49 மருத்துவமனைகளில், 750 பேரிடம் நடந்தது. ஒரு குழுவுக்கு தினம் சுமார் 21 நிமிடம் பயிற்சி, மற்றதற்கு வழக்கம்போல் சுமார் 9 நிமிடம். 180 நாளில் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே இருந்த நாட்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் இதயத்துடிப்பு தாறுமாறாவது, பிபி மாறுவது போன்ற பாதிப்புகள் 9.2 சதவீதம் பேருக்கு வந்தன. மற்ற குழுவில் 4.1 சதவீதம்.

இதை வைத்து ‘படுத்தே இருக்கட்டும்’ என்று முடிவு கட்டினால் தப்பு. அந்த 9 நிமிடக் குழுவும் சும்மா படுத்திருக்கவில்லையே! அளவுக்கு மீறி விரட்டுவதில்தான் லாபமில்லை.

யாரை எழுப்பலாம் என்பதற்கு, டிராபிக் சிக்னல் மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிபுணர்கள் 2014-லேயே வழிகாட்டி கொடுத்துவிட்டார்கள். அதில் மூச்சுக்குழாய் டியூப் இருப்பது சிவப்பு அல்ல, பச்சை!

உங்கள் வீட்டில் யாராவது ஐசியுவில் இருந்தால் நீங்களாக எழுப்ப முயலாதீர்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம், ‘அப்பாவை இன்னைக்கு உட்கார வெச்சீங்களா சார்? இல்லைன்னா எது தடுக்குது?’ என்று கேளுங்கள். கண்ணாடி, காது மெஷின் வீட்டிலேயே கிடந்தால், ஐசியுவில் கேட்டுக்கொண்டு கொடுத்தனுப்புங்கள். கண் விழித்ததும் எதிரில் நிற்பவர் யார், என்ன சொல்கிறார் என்று அவருக்குப் புரிய வேண்டுமே.