இசைக்கும் ஒரு பட்டமா?

"பாட்டுப் படிப்பதற்கும் ஒரு பல்கலைக்கழகமா, மாஸ்டர்?" எனப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தையார் என்னிடம் வினவினார். அவருடைய மகன் என் வகுப்பு மாணவன்; சாரீர வளமும் சுருதி ஞானமும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவன். உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திய பின், இசைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பினான். தந்தையார் அதனை விரும்பவில்லை. உண்மையைக் கூறக் கடமைப்பட்ட நானோ, "அப்பா சொல்வதைக் கேள், தம்பி" என்று கூறி ஒதுங்கிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு கோயில் திருவிழாவொன்றில் அவனைக் கண்டேன். இன்று நல்ல பதவியில் இருக்கின்றான். நாதஸ்வரக் கச்சேரியில் ஆழ்ந்து நின்ற அவனுடைய விரல்கள் தாமாகவே தாளமிட்டுக்கொண்டிருந்தன. "இப்பொழுதும் பாடுகின்றாயா?" என்றேன். "விட்டுவிட்டேன், சேர்" என்றான். அவ்விடை என்னைச் சுட்டது. அன்று அத்தந்தையாருக்குக் கூறாது விட்டதை இன்று பெற்றோர் அனைவர்க்கும் கூறுதல் என் கடன்.

நம் நாட்டில் இசைக்கல்வி அரச பல்கலைக்கழகத்துக்கு வந்த வரலாறு நெடியதன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் மருதனார்மடத்திற் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். அவருடைய மருகர் சு. நடேசபிள்ளை 1960இல் அவ்விடத்திலேயே இராமநாதன் பெயரால் ஓர் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெருவித்துவான்கள் தமிழகத்திலிருந்து வந்து அதன் அதிபராகக் கடமையாற்றினர். 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துடன் இணைந்தது. மட்டக்களப்பிலே, கல்லடியில், விபுலானந்த அடிகளின் பெயர் தாங்கிய நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இப்பணியை ஆற்றி வருகின்றது.

யாழ்ப்பாணத்தில் இப்படிப்பு நான்காண்டு காலத்தது. வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் என்பவற்றுள் ஒன்றைச் சிறப்பாகப் பயிலலாம். அரச பல்கலைக்கழகமாதலின் கற்பித்தற் கட்டணம் இல்லை. எனினும், வாயில் அகலத் திறந்திருக்கின்றதென எண்ணற்க. உயர்தரத்திற் கர்நாடக சங்கீதம் பயின்று சித்தியெய்தியிருத்தல் வேண்டும். அதன் மேல், உளச்சார்புப் பரீட்சையிலே தேர்வாளர் முன் பாடியோ வாசித்தோ தகுதியை நிறுவுதலும் வேண்டும். பரீட்சை முடிவு வந்த பின் மூன்று மாதங்களில் தேடிக்கொள்ளக்கூடிய தகுதியன்று அது. சிறு பராயத்தில் குருவிடம் தொடங்கிய சாதகமே அங்கே கைகொடுக்கும். ஆதலால், "வேறொன்றும் கிடைக்கவில்லை, இதையாவது படிக்கட்டும்" என்று பிள்ளையை அனுப்புதல் பிள்ளைக்கும் தீங்கு, கலைக்கும் தீங்கு.

குருவிடம் கற்றால் போதாதோ எனில், பாடுதற்குப் போதும். ஆனால் பாடுவதன் காரணத்தை அறிதல் வேறொரு கல்வி. மேளகர்த்தா இராகங்கள் 72 என்பதைப் பிள்ளைகள் மனனம் செய்வர். ரிஷப காந்தாரங்கள் சேரும் வகை ஆறு, தைவத நிஷாதங்கள் சேரும் வகை ஆறு, ஆறாறு முப்பத்தாறு. மத்திமம் இரண்டாதலின் அது இரட்டித்து எழுபத்திரண்டாகின்றது. இது கணிதமன்றோ? பைரவியிலே ஏறுகையில் ஒரு தைவதமும் இறங்குகையில் இன்னொரு தைவதமும் வருவதைக் காது உணரும். அதன் இலக்கணத்தை அறிமுறைக் கல்வி விளக்கும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதன் உரையும் புகட்டும் பழந்தமிழிசையை ஆராயத் தமிழ்ப் புலமையும் வேண்டும். 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலானந்த அடிகள், தமிழ்ப் பேராசிரியராக விளங்கியதோடு விஞ்ஞானப் பட்டதாரியாகவும் இருந்தவர் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. செயன்முறையும் ஆராய்ச்சியும் ஒரு கூரையின் கீழ்க் கிடைப்பதே பல்கலைக்கழகத்தின் பயன்.

இனி, பிழைப்பைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிக் கூறவேண்டும். பட்டம் பெற்றோரிற் பெரும்பாலோர் ஆசிரியப் பதவியையே நாடுகின்றனர். நியமனம் உடனே வருவதில்லை. காத்திருக்கும் காலத்தில் வகுப்பு நடத்தியும், கச்சேரி செய்தும், ஆலய விழாக்களிற் பக்கவாத்தியம் வாசித்தும் காலந்தள்ளுவோர் உளர். இதை அறியாது புகுபவன் பின்னர் கல்வியை நோவான். ஆனால் காத்திருத்தல் இன்று இசைப் பட்டதாரிக்கு மாத்திரம் உரிய துன்பமோ? கலைப் பட்டதாரிகளும் அவ்வாறே காத்திருக்கின்றனர்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஏவாமலே விடியலில் எழுந்து சாதகம் செய்கின்றதா? பிழைத்த சங்கதியைத் தானாகவே பத்து முறை திருப்பிப் பாடுகின்றதா? ஆம் எனில், அப்பிள்ளையைத் தடுக்காதீர்கள். இல்லை எனில், பட்டத்துக்காக இசையைத் திணிக்காதீர்கள்.

அன்று திருவிழாவில் விடைபெறுகையில், என் பழைய மாணவன் சற்றுத் தயங்கி நின்றான். "என் மகள் பாடுவாள், சேர். ஏழு வயது. அவளை என்ன செய்யலாம்?" என்றான். இம்முறை நான் ஒதுங்கவில்லை. "முதலில் ஒரு நல்ல குருவைத் தேடு. நீயும் பக்கத்தில் இருந்து பாடு. மற்றதை அவள் வளர்ந்த பின் அவளிடமே கேள்" என்றேன்.