தொழிற்களத்து நடுகற்கள்

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதத்திற் பயணஞ் செய்யும் பழைய மாணவர் எத்தனையோ பேர். அவர்களுட் புகையிரதப் பகுதியிலே உத்தியோகம் பார்த்து இளைப்பாறியோரும் உளர். அன்னார்க்கு இக்கட்டுரை சுவைதரும் என நம்புகிறேன்.

விகாரமகாதேவிப் பூங்காவருகே ஓங்கி நிற்கும் போர் நினைவுத்தூணை யாவரும் அறிவோம். முதலாம் உலகப் போரில் மாண்டோர்க்காக 1923 ஆம் ஆண்டிற் காலிமுகத் திடலில் எழுப்பப்பட்ட அது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பகைவர் பீரங்கிக்குக் குறிகாட்டுமோ என்ற அச்சத்தாற் பெயர்த்து இங்கு கொணரப்பட்டது. அதனை வரைந்தவர் சேர் எட்வின் லட்யன்ஸ். இங்கிலாந்தின் யோர்க் நகரில், வடகிழக்குப் புகையிரதக் கம்பனி தன் ஊழியருள் மடிந்த 2,236 பேருக்கு 1924 இல் நிறுவிய சின்னமும் அவர் கைவண்ணமே.

கம்பனியொன்று தன் சுமைகாவுவோனுக்கும் இலிகிதனுக்கும் கல்நாட்ட வேண்டியதேன்? அந்நாட்டுப் போர்வீரர் உடல்கள் தாயகத்துக்குக் கொண்டுவரப்படவில்லை. மாண்ட நாட்டிலேயே அடக்கஞ் செய்யப்பட்டன. கல்லறைக்குச் சென்று அழ வழியற்ற உறவினர்க்கும் தோழர்க்கும், இறந்தவன் நாடோறும் நடமாடிய இடமே நினைவிடமாயிற்று.

இலண்டன் பாடிங்ரன் நிலையத்து முதலாம் மேடையில் உள்ளது எனக்கு மிகவும் பிடித்தது. சார்ள்ஸ் ஜாகர் என்னுஞ் சிற்பி வடித்த வெண்கல வீரன் வாள் வீசவில்லை, துப்பாக்கி நீட்டவில்லை, கழுத்திற் சால்வை சுற்றி, வீட்டிலிருந்து வந்த கடிதத்தை வாசித்தபடி நிற்கிறான். 1922 நவம்பர் 11 ஆந் திகதி திறக்கப்பட்ட இச்சிலையின் கீழே, பெரிய மேற்குப் புகையிரதக் கம்பனியார் இழந்த 2,524 ஊழியரின் பெயர்ச்சுருள், சுவிண்டன் தொழிற்சாலையிற் செய்த பேழையில் வைத்து மூடப்பட்டுள்ளது. பெயர்கள் கண்ணுக்குப் புலனாகா என்பது எனக்கொரு குறையே. வாட்டர்லூ நிலைய வாயிலிலோ பெயர்களைப் பயணிகள் வாசிக்கலாம்.

நமக்கு இது புதிதன்று. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையில் வகுத்துரைக்கின்றது. ஆனால் நம்மவர் எல்லார்க்கும் கல் கிடைத்ததா?

1942 இற்கும் 1943 இற்கும் இடையில் யப்பானியர் சீயத்துக்கும் பர்மாவுக்குமிடையே 415 கிலோமீற்றர் புகையிரதப் பாதை சமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் பேதியாலும் பசியாலும் மாண்டனர். அவர்கள் போர்வீரரல்லர், போரின் பொருட்டு வேலையிடத்தில் இறந்தவர்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுக் கைதிகளின் கல்லறைகள், ஏறக்குறைய 7,000, பெயர் பொறித்து ஒழுங்காகப் பேணப்படுகின்றன. தமிழர்க்கு அவ்வாறான பதிவேடு இருக்கவில்லை; பலர் ஒரே குழியிற் புதைக்கப்பட்டனர். அவர்களுக்கென அந்நகர்ப் பௌத்த விகாரையொன்றில் நினைவுக்கல் நாட்டப்பட்டது 2023 ஆம் ஆண்டிலேதான். மலேசியத் தமிழ் அன்பர்கள் அதற்கிட்ட பெயர் 'நடுகல்'.