பெரு போறீங்களா? டிக்கெட் போடும் முன் தடுப்பூசி... மச்சு பிச்சு ஏறும் முன் ரெண்டு நாள் ஓய்வு!

"மச்சு பிச்சு போட்டோ எல்லாம் அப்புறம் காட்டுறேன். முதல் ராத்திரி நான் பட்ட பாட்டை முதல்ல கேளு!"

பெரு போய்விட்டு வந்த சித்தியைப் பார்க்கப் போனபோது, காபி கொடுக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார். சித்திக்கு வயது 58, சித்தப்பாவுக்கு 63. தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர்கள். லிமா நகரில் ஒரு இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை விமானத்தில் குஸ்கோ போய் இறங்கியிருக்கிறார்கள். 'இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கோம், ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது' என்று பெட்டியை வைத்த கையோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். மேட்டுப் படிக்கட்டுகள், கடைவீதி என ஒரு ரவுண்டு. மாலையில் தலைவலி. இரவெல்லாம் வாந்தி.

"வயசாயிடுச்சோனு பயந்துட்டேன்பா" என்றார் சித்தி.

காரணம் வயது இல்லை, உயரம். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் நம்மவர்கள் ஆசைப்படும் நாடுகளில் ஒன்று பெரு. அங்கே போக பணமும் பாஸ்போர்ட்டும் மட்டும் போதாது. உடம்புக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கணும். அந்த நேரத்தை எங்கெல்லாம் ஒதுக்கணும்? பார்க்கலாம்.

ஊட்டியைப்போல ஒன்றரை மடங்கு உயரம்!

ஊட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர். லிமாவோ கடற்கரை நகரம். அங்கிருந்து சுமார் ஒன்றேகால் மணி நேர விமானப் பயணத்தில் உங்களை அந்த உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். அங்கே காற்றழுத்தம் குறைவு. கடலோரத்தில் இழுக்கும் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். உடம்பு இதற்குப் பழக ஓரிரு நாள் ஆகும். ஜிம்முக்குப் போகும் 25 வயதுக்காரருக்கும் இதே கதைதான். இந்த மலைநோயை அங்கே 'சொரோச்சே' என்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம், மச்சு பிச்சு குஸ்கோவைவிடத் தாழ்வான இடம். அதன் உயரம் சுமார் 2,430 மீட்டர்தான். அதனால், பயண வரிசையைக் கொஞ்சம் மாற்றினாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

* குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் காரில் நேராக 'புனிதப் பள்ளத்தாக்கு' பகுதிக்குப் போய்விடுங்கள். உருபாம்பா, ஒயாந்தாய்தாம்போ ஆகிய ஊர்கள் 2,800 முதல் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இரண்டு இரவு அங்கே தங்குங்கள்.

* அடுத்து மச்சு பிச்சு. குஸ்கோவைக் கடைசியில் நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம்.

* சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிட்டிகாகா ஏரி, 5,000 மீட்டரைத் தாண்டும் வானவில் மலை இரண்டையும் முதல் நாட்களில் வைக்கவே வைக்காதீர்கள்.

* முதல் நாள் மெதுவான நடை, நிறைய தண்ணீர், இரவில் அரை வயிறு சாப்பாடு. மது வேண்டாம்.

இதயப் பிரச்னை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பாருங்கள். மலைநோயைத் தடுக்க 'அசிட்டசோலமைடு' என்ற மாத்திரை உண்டு. அதை டாக்டர் சொல்லித்தான் போட வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, நடை தள்ளாடுகிறதா, பேச்சு குழறுகிறதா? 'காலையில் பார்த்துக்கலாம்' என்று படுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாழ்வான இடத்துக்கு இறங்க வேண்டும்.

திரும்பி வரும்போது காத்திருக்கும் சிக்கல்

இதுதான் பலரும் கோட்டை விடும் இடம். பெருவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால், இந்தியா கேட்கும்! மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பெருவும் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி 6 நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியா வந்தால், 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க நம் விதிகளில் இடமுண்டு.

'நாங்க அமேசான் காட்டுப் பக்கமே போகலையே' என்பது இங்கே எடுபடாது. விதி மொத்த நாட்டுக்கும் சேர்த்துத்தான். இவ்வளவு கெடுபிடி ஏன்? இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால், அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு இங்கே ஏராளம். டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான். கிருமி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் ஆபத்து.

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எந்தெந்த நாட்களில் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டுடன் போங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிட்டால் நிம்மதி.

முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், 9 மாதத்துக்கும் குறைவான குழந்தைகள், 60 வயதைத் தாண்டியவர்கள்... இவர்களுக்கு இந்த ஊசி விஷயத்தில் தனிக் கவனம் தேவை. 63 வயது சித்தப்பாவிடம் டாக்டர் நிறைய கேள்வி கேட்ட பிறகுதான் ஊசி போட்டிருக்கிறார். அதனால் முதலில் ஊசி பற்றி முடிவு, அப்புறம் விமான டிக்கெட். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

விசா... வழியில் இறங்கும் நாட்டையும் பாருங்க

இந்தியாவிலிருந்து பெருவுக்கு நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாற மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் விசா குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், பெருவுக்குத் தனி விசா இல்லாமலே சுற்றுலா போகலாம். விதிகள் மாறக்கூடியவை என்பதால், டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மச்சு பிச்சுவில் கழிப்பறை வாசலோடு சரி!

மச்சு பிச்சுவுக்கு சாலை வழி கிடையாது. ஒயாந்தாய்தாம்போவிலிருந்து ரயில், பிறகு மலையேறும் பஸ். ரயிலில் பெரிய பெட்டிக்கு அனுமதி இல்லை. சின்னப் பை போதும். மற்றதை ஓட்டலில் விட்டுச் செல்லுங்கள்.

நுழைவுச் சீட்டில் நாள், நேரம், நடக்க வேண்டிய பாதை எல்லாம் குறித்திருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு இருப்பதால், பல வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். வாசலில் அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள். உள்ளே கழிப்பறை இல்லை. வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். பெரியவர்கள், சர்க்கரை நோயாளிகள், குழந்தைகளுடன் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த டீ பாக்கெட்டை வாங்கி வராதீங்க!

குஸ்கோ ஓட்டல்களில் வரவேற்பறையிலேயே கோக்கா இலை டீ வைத்திருப்பார்கள். அங்கே அது சட்டப்படி சரி. இந்தியாவில் கோக்கா இலை, 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 'ஞாபகமா இருக்கட்டும்' என்று ஒரு பாக்கெட் கொண்டுவந்தாலும் வம்பு. அமெரிக்காவிலும் தடைதான். சாக்லேட், அல்பாகா கம்பளி என்று வாங்க அங்கே வேறு நிறைய இருக்கின்றன.

சைவம் சாப்பிட நாலு வார்த்தை

உருளைக்கிழங்கின் தாய்வீடு பெரு. 3,000-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கீன்வா சூப், சோளம், சீஸ் என சைவத்துக்கும் வழி இருக்கிறது. 'சிஃபா' எனப்படும் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் கிடைக்கும். ஆனால், 'ஸின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வரலாம்! 'ஸின் போயோ' (கோழி இல்லாமல்), 'ஸின் பெஸ்காதோ' (மீன் இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

இன்னும் மூன்று வாக்கியங்கள் கைவசம் இருக்கட்டும். 'குவான்தோ குவெஸ்தா?' என்றால் விலை என்ன? 'தோந்தே எஸ்தா எல் பாஞ்ஞோ?' என்றால் கழிப்பறை எங்கே? 'மே சியென்தோ மால்' என்றால் எனக்கு உடம்பு சரியில்லை. போலீஸ் உதவிக்கு 105.

எப்போ போகலாம்?

மலைப்பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மே முதல் செப்டம்பர் வரை வானம் தெளிவு. நம்ம ஊர் கோடை விடுமுறையின் மே மாதம் பொருத்தமாக இருக்கும். ஜூன் 24-ல் குஸ்கோவில் 'இந்தி ராய்மி' எனும் சூரியத் திருவிழா. பார்க்க அழகு, ஆனால் அறை கிடைப்பது கஷ்டம். மே, ஜூன் இரவுகளில் நல்ல குளிர் என்பதால் ஸ்வெட்டர் அவசியம்.

சித்தி கதைக்கு வருவோம். மறுநாள் காலை ஓட்டல்காரர் ஏற்பாடு செய்த டாக்டர் பார்த்துவிட்டு, கீழே பள்ளத்தாக்குக்குப் போகச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் ஓய்வு. மூன்றாவது நாள் மச்சு பிச்சுவில் இருவரும் கைகோத்து நிற்கும் போட்டோவை இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறார்கள்.

"அந்த ரெண்டு நாளை முதல்லயே ஒதுக்கியிருந்தா ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்" என்றார் சித்தப்பா, காபி டம்ளரை நீட்டியபடி.

நீங்க ஒதுக்கிடுங்க. புவென் வியாஹே... அதாவது, பயணம் இனிதாகட்டும்!