பைகளுக்குக் காவல் இருக்கும் அம்மம்மாவும் ராட்டினக் குதிரையும்

ஜூன் 24, கியூபெக் தேசிய நாள் கழிந்துவிட்டால் லவாலில் வீட்டுக்கு வீடு ஒரே கதைதான். பள்ளிக்கூடம் விட்டாச்சு. ஜூலை முதலாம் திகதி வீடு மாறுகிற ஆரவாரமும் முடியும். ஜூலைக் கடைசியில் கட்டடத் தொழிலாளர்களுக்கு இரண்டு கிழமை விடுமுறை வரும். அந்தத் தொழிலில் இல்லாதவர்களும் அதே நாட்களில்தான் லீவு எடுக்கப் பார்ப்பார்கள். "இந்த முறை எங்கை போறம்?" என்று பிள்ளைகள் அரிக்கத் தொடங்குவது அப்போதுதான்.

பதில்களும் பெரும்பாலும் தெரிந்தவைதான். லா ரொண்ட், கிரான்பி மிருகக்காட்சிச்சாலை, பழைய துறைமுகத்தில் 2017இல் வந்த 60 மீற்றர் உயர ராட்சத ராட்டினம். கொஞ்சம் கூட நாள் கிடைத்தால் ரொறன்ரோவில் இருக்கிற சொந்தக்காரர் வீடு, அங்கிருந்து நயாகரா. எங்கே போனாலும் ஒரு ராட்டினம் கண்ணில் படும். எங்கே போனாலும் இன்னொரு காட்சியும் கண்ணில் படும். பிள்ளைகள் குதிரையில், அப்பா கைபேசியோடு வேலி ஓரத்தில், அம்மா வரிசையில். அம்மம்மாவோ தூரத்து வாங்கில் நாலு பைகளுக்கு நடுவில்.

"நீங்களும் வாங்கோவன் அம்மம்மா" என்று பேரப்பிள்ளை கேட்கும். "எனக்கேன் ராசா உதெல்லாம், நீங்கள் சுத்திப்போட்டு வாங்கோ, நான் பாக்குகளைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்பார் அவர். நாங்களும் அதோடு விட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த வாங்கைப் பற்றியதுதான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பூங்கா

லவால்காரருக்கு ராட்டினம் எப்போதும் இவ்வளவு தூரத்தில் இருக்கவில்லை. பிரெய்ரி ஆற்றுக்கு அந்தக் கரையில், கார்ட்டியர்வில்லில், பெல்மொன்ட் பூங்கா என்று ஒன்று 1923 முதல் இருந்தது. தலைமுறை தலைமுறையாக மொன்றியல் குடும்பங்கள் ட்ராமிலும் பஸ்சிலும் போய் இறங்கிய இடம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து ஓயாமல் சிரிக்கும் பொம்மைப் பெண்ணை இன்றும் வயதான கியூபெக்காரர்கள் நினைத்துச் சொல்லுவார்கள். அந்தப் பூங்கா 1983ஆம் ஆண்டுப் பருவத்தோடு மூடப்பட்டது. இன்று அங்கே குடியிருப்புகளும் ஒரு சிறு பூங்காவும்தான்.

1983 எங்களுக்கு என்ன ஆண்டு என்று சொல்லத் தேவையில்லை. இங்கே ராட்டினம் நின்ற அதே வருசம் ஜூலையில் அங்கே வீடுகள் எரிந்தன. அதற்குப் பின்னர்தான் எங்களவர்கள் பெருந்தொகையாக இந்த நாட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் எத்தனையோ பேர் லவாலுக்கு வடக்கே இருந்த மிராபெல் விமான நிலையத்தில்தான் இறங்கினார்கள். பார்க் எக்ஸ்ரென்சனிலும் கோட்-தே-நேஜிலும் சிறு அறைகளில் இருந்து, இரண்டு வேலை செய்து, பிறகு மெல்ல மெல்ல லவாலுக்கும் மேற்குத் தீவுக்கும் வீடு வாங்கிப் போனார்கள். அந்தத் தலைமுறைக்கு ராட்டினம் ஏற நேரம் இருக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஊரிலிருந்து வந்து சேர்ந்த பெற்றோர்தான் இன்று அந்த வாங்கில் இருக்கிறார்கள்.

மூத்தவருக்கென்றே ஓர் இருக்கை

லா ரொண்டில் நின்ற 'லு கலோப்பான்' என்ற ராட்டினத்துக்கும் ஓர் அகதிக் கதை உண்டு என்று சொல்லலாம். 1885இல் பெல்ஜியத்தில் செய்யப்பட்டது. 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சிக்குக் கடல் கடந்து வந்தது. அங்கிருந்து எக்ஸ்போ 67க்காக மொன்றியல் வந்தது. ஐந்து கோடிப் பேர் வந்துபோன அந்தக் கண்காட்சியில் இலங்கைக்கும் 'சிலோன்' என்ற பெயரில் ஒரு மண்டபம் இருந்தது. கண்காட்சி முடிந்து மண்டபங்கள் போய்விட்டன. குதிரைகள் இங்கேயே தங்கிவிட்டன.

இந்த ராட்டினங்களைச் செய்தவர்கள் ஒரு விசயத்தை அப்போதே யோசித்திருக்கிறார்கள். குதிரைகளுக்கு இடையில் தேர் போல ஓர் இருக்கை வைப்பார்கள். அது மேலும் கீழும் போகாது, சுற்ற மட்டும் செய்யும். நீண்ட பாவாடை உடுத்த பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் அது வசதி. அதாவது, சேலை உடுத்த அம்மம்மாவுக்கு அந்த ராட்டினத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே இடம் ஒதுக்கியாச்சு. நாங்கள்தான் அவரை ஏற்றவில்லை.

அந்த இருக்கை எங்கே போடப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கோ. உள் வட்டத்தில் வேகம் குறைவு. ஒரு ராட்டினம் நிமிடத்துக்கு நாலு தரம் சுற்றுகிறது என்று வைப்போம். நடுவிலிருந்து 7 மீற்றர் தள்ளி உள்ள குதிரை மணிக்கு ஏறக்குறைய பத்தரைக் கிலோமீற்றர் வேகத்தில் போகும். 5 மீற்றரில் உள்ளது ஏழரைதான். தலைச்சுற்றுப் பயம் உள்ளவர்களை உள்ளே இருத்துங்கோ, வேகம் கேட்கிற பெடியளை வெளியே ஏற்றுங்கோ. ஒரே ராட்டினம், ஒரே இரண்டு மூன்று நிமிடம், மூன்று தலைமுறைக்கும் ஏற்ற வேகம். இப்படிக் கொடுக்கிற விளையாட்டு வேறு எது? ரோலர் கோஸ்டரில் முடியாது. தண்ணீர்ச் சறுக்கிலும் முடியாது.

இன்னொன்று. வட அமெரிக்க ராட்டினங்கள் பெரும்பாலும் இடப்பக்கமாகச் சுற்றும், இங்கிலாந்தில் வலப்பக்கமாக. எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி ஏறி இருந்த உடனேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். "இதென்னடி, கோயில் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமாய் எல்லோ போகுது!" என்று அவர் சொல்ல, பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஊர்த் திருவிழாவில் ஆட்கள் கையால் தள்ளிச் சுற்றிய ராட்டினத்தின் கதை வந்தது. அது வீட்டில் ஒருநாளும் வெளிவராத கதை. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வைக்கிறோம், நல்லதுதான். ஆனால் அம்மம்மாவும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கதைக்க ஒரு சாட்டு வேண்டும். ராட்டினம் அப்படி ஒரு சாட்டு.

ஐந்து சதம்

"எல்லாம் சரி, காசு?" என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. பெரிய பூங்காக்களில் ராட்டினம் மட்டும் சுற்ற ரிக்கெற் வாங்க முடியாது. வாசலிலேயே தலைக்கு ஒரு கணக்கு. ஆறு பேர்க் குடும்பம், கார் நிறுத்தக் காசு, உள்ளே சாப்பாடு என்று கூட்டினால் ஒரு நாள் செலவு ஒரு கிழமைச் சாமான் செலவைத் தாண்டும். அதனால்தான் அம்மம்மாவும் "எனக்கேன்" என்கிறார். பாதி பயம் என்றால் பாதி உங்கள் காசில் கவலை.

ஆனால் இதே நாட்டில் வேறு மாதிரியும் நடக்கிறது. ஒன்ராறியோவில், நயாகராவுக்குப் பக்கத்தில் சென் கத்தரின்ஸ் நகரில் லேக்சைட் பூங்கா இருக்கிறது. அங்கே நிற்கிற ராட்டினம் ஏறக்குறைய 1905இல் செதுக்கப்பட்டது. 1921இல் அங்கு வந்தது. ஒரு சுற்றுக்குக் கட்டணம் இன்றும் 5 சதம். எழுத்துப் பிழையில்லை, ஐந்து சதம்தான். ஆறு பேர் ஏறினால் முப்பது சதம். நயாகரா பார்க்கப் போகிறவர்கள் அரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும்.

ரொறன்ரோத் தீவில் உள்ள ராட்டினம் 1907இல் செய்யப்பட்டது. 2017இல் அது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து கார்மல் நகருக்கு விலைபோக இருந்தது. அந்த வருசம் தீவில் வெள்ளம் வந்தது; விற்பனை தள்ளிப்போய், கடைசியில் கைவிடப்பட்டது. வெள்ளம் வராதிருந்தால் அந்தக் குதிரைகள் இன்று எல்லைக்கு அந்தப் பக்கம். ஊர் கவனிக்காவிட்டால் ராட்டினம் இப்படித்தான் போகும். பெல்மொன்டும் அப்படித்தான் போனது.

லவாலுக்கு ஒரு கேள்வி

2021 கணக்கெடுப்பின்படி லவாலில் 4 லட்சத்து 38 ஆயிரம் பேர் இருக்கிறோம். கியூபெக்கில் மூன்றாவது பெரிய நகரம். பழைய கல்லுக்குழி ஒன்றை 50 ஹெக்டேயர் பசும்பூங்காவாக மாற்றிய இயற்கை மையம் எங்களிடம் இருக்கிறது. உள்ளே போகக் காசில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே எங்கள் குடும்பங்கள் புற்பாய் விரித்து, ரோல்ஸும் கட்லெற்றும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் வைத்துக்கொண்டு இருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அப்படியொரு இடத்தில் நகரசபை நடத்துகிற, ஒரு டொலரோ இரண்டு டொலரோ வாங்குகிற ராட்டினம் ஒன்று கோடையில் மட்டும் சுற்றினால் என்ன? சென் கத்தரின்ஸ் லவாலை விடச் சின்ன நகரம். அங்கே முடிகிறது.

இதைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. நாங்கள் இங்கே வரி கட்டுகிறோம், வாக்குப் போடுகிறோம். நகரசபைக் கூட்டங்களில் பொதுமக்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்குகிறார்கள். கோயில் தேர்த் திருவிழாவுக்கு வீதி மூட அனுமதி கேட்கத் தெரிந்த எங்களுக்கு இதையும் கேட்கத் தெரியும். வேறு சமூகங்களிலும் தாத்தா பாட்டிமார் இருக்கிறார்கள். கேட்டால் அவர்களும் சேருவார்கள்.

அது வரும்வரை இந்தக் கோடைக்குச் சில விசயங்கள். காரை வீட்டில் விட்டுவிட்டு மெற்றோவில் போங்கோ. மொன்மொரென்சியில் ஏறினால் பெரி-யூகாமில் மாறி அடுத்த தரிப்பு ஜோன் திராப்போ. பெரியவருடன் போகிற 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயணம் இலவசம். புறப்பட முதல் ராட்டினம் அன்றைக்கு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கோ. வெயில் ஏறும் முன்னம் போனால் வரிசையும் குறைவு, மூத்தவர்களுக்கும் களைப்பில்லை. முழங்கால் வருத்தம் உள்ளவரை ராட்டினம் முழுதாக நின்ற பிறகே ஏற்றி இறக்குங்கோ. இயக்குபவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பொறுத்துக்கொள்வார்.

முக்கியமானது ஒன்று. "வாறீங்களா?" என்று கேட்காதீர்கள், கேட்டால் "எனக்கேன்" என்றுதான் பதில் வரும். ரிக்கெற்றை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "பாக்குகளை நான் பாக்கிறன், நீங்கள் ஏறுங்கோ" என்று சொல்லுங்கோ.