சினைப்பைப் புற்றுநோய்: ஓயாத மரபணு, எட்டாத பரிசோதனை

புது தில்லி: மத்திய அரசின் புற்றுநோய்க் கண்டறிதல் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று மட்டுமே இடம் பெற்றுள்ளன. சினைப்பை அதில் இல்லை. இதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. ரத்தப் பரிசோதனையோ, ஸ்கேனோ இந்நோயால் நேரும் இறப்புகளைக் குறைக்கவில்லை என்பதே அந்த முடிவு. முன்கூட்டியே பிடிக்க இயலாத நோய் என்றால், எஞ்சுவது அவரவர் கட்டிக்கு ஏற்ற சிகிச்சைதான். அரசின் பொறுப்பு அங்கே தொடங்குகிறது.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியாவில் 47 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 33 ஆயிரம் பேர் உயிரிழந்தனர்.

செகந்திராபாதிலிருந்து கரீம்நகர் செல்லும் சாலையில் உள்ள லோத்குண்டாவையே எடுத்துக்கொள்வோம். வயிறு உப்புசம், பசியின்மை என்று மருந்துக் கடைக்கு வரும் நடுத்தர வயதுப் பெண்ணுக்கு முதலில் கிடைப்பது வாயு மாத்திரை. வயிற்றில் நீர் கோத்த பிறகே பலருக்கும் சினைப்பை நினைவுக்கு வருகிறது. அதன் பிறகு ரெட் ஹில்ஸ் பகுதியில் உள்ள மெஹதி நவாஸ் ஜங் அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பயணம். மரபணு ஆராய்ச்சியில் உலகறிந்த சி.சி.எம்.பி. நிறுவனமும் இதே ஹைதராபாத் நகரில்தான் இருக்கிறது.

கட்டிக்குள் நடப்பது என்ன? செல் எப்போது பிரிய வேண்டும் என்று ஆணையிடும் மரபணுக்கள் எல்லோரிடமும் உள்ளன. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு படிகள். கட்டிகள் சிலவற்றில் இப்படிகள் பல மடங்கு பெருகிவிடுகின்றன. 'சைக்ளின் ஈ' என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு அவற்றுள் ஒன்று. செல் தனது டி.என்.ஏ.வை நகலெடுக்க அனுமதி தருவது இப்புரதத்தின் வேலை. படிகள் பெருகினால் அனுமதி ஓய்வதே இல்லை.

அமெரிக்கப் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டத்தினர் 489 கட்டிகளை ஆராய்ந்து 2011-ல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். இந்த மரபணுவும், 'மிக்' என்ற மற்றொரு மரபணுவும் தலா ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கட்டிகளில் பெருகியிருந்தன. தவறான பிரிதலைத் தடுக்க வேண்டிய 'பி-53' மரபணு 96 சதவீதக் கட்டிகளில் பழுதடைந்திருந்தது.

இந்தப் பெருக்கம் பரம்பரையாக வருவதல்ல, கட்டிக்குள்ளேயே நேர்வது. பரம்பரையாக வருவது 'பிஆர்சிஏ' மரபணுக்களின் பழுது. அங்கே பிரச்னை மிகை இயக்கமல்ல, செயலின்மை. டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் திறனை செல் இழந்துவிடுகிறது. அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தும் ஒலாபாரிப் மருந்துக்கு 2014-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. சைக்ளின் ஈ பெருகிய கட்டிகளில் பெரும்பாலும் பிஆர்சிஏ பழுது இருப்பதில்லை. வழக்கமான பிளாட்டினம் வகை மருந்துகளுக்கும் அவை எளிதில் பணிவதில்லை. ஒரே பெயர் கொண்ட நோய். ஒருவருக்கு உதவும் மருந்து மற்றவருக்கு வீண் செலவு. எது யாருக்கு என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். தனியார் ஆய்வகங்களில் அதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

தெலங்கானாவில் ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டு வரம்பு 2023 டிசம்பரில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்கதே. வரம்பை உயர்த்துவது தேர்தல் மேடையில் எடுபடும்; கட்டியின் மரபணுவைப் பரிசோதிப்பது எடுபடாது. தவறான மருந்துக்குச் செலவழித்தால் 10 லட்சமும் கரைந்துவிடும்.

பரிசோதனை பரவலானால் வேறொரு சிக்கல் எழும். யூதர்களிடம் அதிகம் காணப்படும் பிஆர்சிஏ-1 பழுது ஒன்று தென்னிந்தியப் பெண் நோயாளிகளிடமும் கணிசமாக உள்ளதை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஆய்வு 2009-ல் காட்டியது. தாயிடம் இத்தகைய பழுது கண்டறியப்பட்டால் அது மகளையும் பற்றிய செய்தியாகிவிடுகிறது. நாளை அவர் மருத்துவக் காப்பீடு கோரும்போது என்ன ஆகும்?

மரபணுக் கோளாறுகளை மொத்தமாக விலக்கும் காப்பீட்டு நிபந்தனை செல்லாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பொதுவான உத்தரவுகளுக்கு அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மரபணுத் தகவலைக் காட்டி மருத்துவக் காப்பீட்டையோ, வேலையையோ மறுக்கக் கூடாது என்று அமெரிக்கா 2008-லேயே சட்டம் இயற்றிவிட்டது. இந்திய நாடாளுமன்றம் அத்தகைய தனிச் சட்டம் எதையும் இதுவரை நிறைவேற்றவில்லை.