சீமைக் கருவேலும் சிறு இயந்திரமும்



அறந்தாங்கி முதல் விராலிமலை வரை நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் உழவின்றிக் கிடக்கும் புன்செய்கள் பலவற்றை இன்று ஆள்வது சீமைக் கருவேல மரமே. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயல்நாட்டு விதையாக இந்தியாவிற்குள் வந்த இம்மரம், விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்றெண்ணிப் பரப்பப்பட்டது. உதவவும் செய்தது, பின்னர் நிலத்தையே தனதாக்கிக்கொண்டது. முன்னோர் விட்டுச்சென்ற ஓர் ஏக்கரை மீட்க விழையும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல உள. "எந்த வண்டியை வாடகைக்குப் பிடிக்கலாம், சாமி?" என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

பருத்த மரங்களைத் தூரோடு பெயர்க்கப் பொக்லைனே ஏற்றது. ஆனால் கிணறும், குழாயும், பத்துத் தென்னம்பிள்ளைகளும் உள்ள சிறு கொல்லையில் அதற்குத் திரும்ப இடமிராது. அத்தகைய இடத்திற்கென்றே அமைந்தது, பாப்கேட் என்று நம் மக்கள் வழங்கும் ஸ்கிட் ஸ்டியர். இதன் பிறப்பு சுவையானது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், வான்கோழிப் பண்ணையாளர் ஒருவர் தம் கொட்டிலின் தூண்களுக்கிடையே புகுந்து எருவை அள்ளும் வண்டி வேண்டுமென்று கேட்க, கெல்லர் சகோதரர்கள் 1957-இல் அதன் முன்னோடியைச் செய்தனர். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் முன்னோக்கியும் மறுபக்கத்தவை பின்னோக்கியும் சுழல்வதால், இன்றைய வண்டி நின்ற இடத்திலேயே திரும்பிவிடும்.

அதன் முன்கைகளில் கருவிகளை மாற்றி மாற்றிப் பூட்டலாம். மண் அள்ளப் பக்கெட், முள்கட்டைகளைப் பற்றித் தூக்கக் கவ்வி, புதர் அறுக்கச் சுழல்கத்தி, கன்று நடக் குழி தோண்டும் திருகு எனப் பலவகை உண்டு. எல்லாம் ஒரே வாடகைக்காரரிடம் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எவை உள்ளன என்று முன்னரே கேட்டறிக. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலுக்குப் பின், ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் வீழ்ந்த தென்னைகளை அகற்றுவதே மறுநடவுக்கு முன் பெருஞ்சுமையாக நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். துண்டித்த மரங்களைத் தூக்கி ஒதுக்கக் கவ்வி பூட்டிய சிறுவண்டி மிகவும் பயன்படும்.

சுழல்கத்தியை மட்டும் நம்பிக் கருவேலை ஒழிக்க இயலாது. தரைமட்டத்தில் வெட்டினால் அடித்தூரிலிருந்து பல கிளைகளாகத் தழைத்தெழும். தூரைச் சுற்றித் தோண்டி, தளிர்க்கும் பகுதியை வேரோடு எடுத்தாக வேண்டும். மண் சற்று ஈரமாயிருக்கையில் இது எளிது. சேறாயிருக்கையில் வண்டியை இறக்கலாகாது. சக்கரங்கள் இழுபட்டுத் திரும்புவதால் மேல்மண் வழித்தெடுக்கப்படும். செம்பூறாங்கல்லின்மேல் மெல்லியதாய்ப் படிந்த நம் மண்ணில் அவ்விழப்பு எளிதில் ஈடாகாது. முள் குத்தி டயர் கெடுவதும் உண்டு. அச்செலவு யாருடையது என்று வேலைக்குமுன் பேசிக்கொள்ளுங்கள்.

சுமையை உயரத் தூக்கியபடி திரும்பினால் வண்டி கவிழும். ஆதலின் சுமை தாழ்ந்தே இருத்தல் வேண்டும். உயர்த்திய கைகளின் கீழே எவரும் நிற்கலாகாது. சுழல்கத்தி கட்டைத் துண்டுகளை வெகுதூரம் எறியும். வேடிக்கை பார்க்கச் சிறுவரைக் கட்டாயம் விடாதீர்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இம்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்கும் ஏழைகள் நம்மிடையே உள்ளனர். இயந்திரம் வருமுன் அவர்களை அழைத்து விறகை எடுத்துக்கொள்ளச் சொல்வது நியாயம். வண்டியின் வாடகை நேரமும் குறையும். கண்மாய், புறம்போக்கு மரங்களையோ அதிகாரிகளின் அனுமதியின்றித் தொடலாகாது.

தண்ணீருக்கு வழியில்லாதவர் முழு ஏக்கரையும் ஒரே நாளில் வெறுமையாக்குவதை நான் ஆதரிப்பதில்லை. பயிரிட முடிந்த அளவு மட்டும் திருத்தினால் போதும். நெற்றுகளைத் தின்ற ஆடுகளின் புழுக்கையில் விதைகள் கெடாது வந்து சேரும். மண்ணிலும் அவை ஆண்டுக்கணக்கில் உறங்கும். முதல் மழைக்குப்பின் முளைத்த கன்றுகளை வேரோடு கையால் பிடுங்கலாம். அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் மீண்டும் மண்வெட்டி வேண்டும்.