நகைக் கடனும் கணினிப் பயிற்சியும்

திருச்சுழி வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தபொழுது, நகைக் கடன் பேரேட்டில் ஒரு பதிவு கண்ணில் பட்டது. விதை, உரம், மருத்துவச் செலவு என்னும் வழக்கமான நோக்கங்களுக்கிடையே, ‘மகனின் கணினிப் பயிற்சி’ என்று எழுதியிருந்தது. தவணை கடந்து வட்டியும் ஏறியிருந்தது.

மறுநாள் அந்த அங்கத்தினரைக் கண்டோம். மானாவாரிக் கரிசலில் பருத்தியும் மிளகாயும் பயிரிடுபவர். மனைவியின் சங்கிலியை ஈடு வைத்து, நகரத்துத் தனியார் நிலையம் ஒன்றில் மகனைச் சேர்த்திருக்கிறார். மூன்று மாதத்தில் சான்றிதழ் வந்தது, வேலை வரவில்லை. பையன் இப்பொழுது சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடச் செல்கிறான். “ஐயா, அந்த வேலையெல்லாம் எங்க பிள்ளைகளுக்கு வாய்க்காதா?” என்று அவர் கேட்டார். தவணையைப் பற்றிப் பேசச் சென்ற நம்மிடம் அதற்கு விடை இல்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடியதன் பயனாகும்.

முதலாவதாக, கணினி நமக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று. ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறியில் நெய்யும் அங்கத்தினர் இதை எளிதில் உணர்வர். அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு இழை எழும்பும். துளையில்லாத இடத்தில் இழை எழும்பாது. ‘உண்டு, இல்லை’ என்னும் இவ்விரு சொற்களைக் கொண்டே கொடியும் மயிலும் சேலையில் தோன்றுகின்றன. பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் அமைத்த இப்பொறியின் அட்டைகளையே, 1830களில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தமது கணக்கிடும் இயந்திரத்திற்கு எடுத்துக்கொள்ளக் கருதினார். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கைத் தொகுக்கவும் துளையிட்ட அட்டைகளே பயன்பட்டன. இன்றைய கணினியும் அடிப்படையில் அவ்விரு சொற்களைக் கொண்டே இயங்குகிறது.

அவ்வாறாயின் நம் பிள்ளைகளைத் தடுப்பது யாது? அறிவுக் குறைவன்று. கற்கும் காலத்தில் குடும்பம் இழக்கும் கூலியே பெருந்தடை. இத்தடையை நீக்கிக் காட்டிய ஓர் எடுத்துக்காட்டு நமது தென்பாண்டிச் சீமையிலேயே இருக்கிறது.

மென்பொருள் ஆக்கும் சோஹோ நிறுவனம் 2004–05இல் சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 6 மாணவர்களே. பட்டம் வேண்டியதில்லை, பள்ளி இறுதியோ பட்டயமோ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்தனர். கட்டணம் வாங்காமல், மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்துக் கணிதமும் ஆங்கிலமும் நிரல் எழுதுதலும் கற்பித்தனர். ஈராண்டுப் பயிற்சியின் பிற்பகுதியில் மாணவர்கள் மெய்யான வேலையிலேயே பழகினர். 2011இல் தென்காசிப் பகுதியில் அந்நிறுவனம் அலுவலகம் திறந்தது. பின்னர் மத்தளம்பாறைக் கிராமத்தில் அலுவலகமும் பள்ளியும் அமைந்தன. வயலும் மலையும் சூழ்ந்த ஊரிலிருந்தே வெளிநாட்டாருக்கும் மென்பொருள் ஆக்க இயலும் என்பது கண்கூடாயிற்று.

இம்முறை நெசவாளர் இல்லத்திற்குப் புதியதன்று. தார் சுற்றி, அறுந்த இழையைப் பிணைத்து, பின்னரே தறியில் அமர்ந்த பிள்ளை தொழில் கற்கக் கட்டணம் கொடுத்ததில்லை. வீட்டில் உண்டு, வேலையோடு வேலையாகக் கற்றது. மூன்று மாதச் சான்றிதழால் எவரும் நெசவாளராவதில்லை. கணினித் தொழிலும் அவ்வாறே.

ஒரு நிறுவனத்தின் பள்ளியில் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடாது. வேறு வழிகளும் உண்டு. கிராமத்து ஏழை இளைஞருக்கென 2014இல் தொடங்கிய தீனதயாள் உபாத்தியாயா கிராமியத் திறன் திட்டம், 15 முதல் 35 வயதினருக்குக் கட்டணமின்றிப் பயிற்சியளிப்பது. தமிழ்நாட்டில் 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை நவீனப்படுத்தும் பணியில், எந்திர மனிதக் கருவிகள், கணினி வழி இயங்கும் கடைசல் பொறி, மின் வாகனம் முதலியவற்றுக்கான பயிற்சிக்கூடங்கள் 2023 முதல் திறக்கப்பட்டன. அரசுப் பள்ளியில் படித்து மேற்கல்வி கற்கும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் திட்டம் 2022இலும், ஆண்களுக்கு 2024இலும் தொடங்கப்பட்டன. இந்த ஆயிரம் ரூபாய், இழக்கும் கூலியில் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்யும்.

வயது வந்தோருக்கும் இடமுண்டு. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடிக்கு 2022இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பேரேடு எழுதிய கைகள் இனிக் கணினியில் எழுத வேண்டும். நமது சங்கத்தின் கணக்கையே பழகுகளமாகக் கொள்ளலாம்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். பயிற்சிக்கென நகைக் கடன் கேட்டு வரும் அங்கத்தினரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதே பயிற்சி அரசு நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதா? நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் பிள்ளை தன் கையால் கணினியை இயக்குவான்? சென்ற ஆண்டு அங்கே பயின்றவர்களில் இருவர் இன்று எங்கே வேலை பார்க்கிறார்கள்? மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னர் எடைத் தராசை எடுங்கள். கடனை மறுப்பது நோக்கமன்று. அங்கத்தினரின் பொன் வீணாகாமல் காப்பதும் சங்கத்தின் கடமையே.

அந்த அங்கத்தினருக்கு இவ்விவரங்களை எழுதி அனுப்பியிருக்கிறோம். பையனுக்கு வயது 19 தான், காலம் கடந்துவிடவில்லை. சங்கிலி மட்டும் இன்னும் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.